கரண்ட் வைப்பதற்கு முன்னால்

விடிகாலை ஐந்து மணிக்குத் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நின்றால் இரண்டு வகைக் கால்களைப் பார்க்கலாம். செருப்பில்லாமல் நிதானமாக நடக்கிற கால்கள் ஒரு வகை. மலிவான ஷூ மாட்டிக்கொண்டு, அதுவும் இல்லாவிட்டால் வெறுங்காலோடு, கையில் வாட்சைப் பார்த்துக்கொண்டே ஓடுகிற கால்கள் இன்னொரு வகை. ஓடுகிறவர்களில் போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகிற பையன்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களுக்கு ராணுவம் புதிதல்ல. வீட்டுக்கு ஒருவரை ராணுவத்துக்கு அனுப்புகிற ஊர் என்று கம்மவான்பேட்டைக்குப் பெயரே உண்டு. எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலையிலிருந்து இந்தப் பையன்கள் ஓடத் தொடங்குகிறார்கள். உடல்தகுதித் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்.

இதே சாலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஓர் அடிக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 20,000 அடி. வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் மட்டுமே நடந்து பழகிய உடம்புக்கு அது ஒரு பந்தயம்தான். பக்தர் யாரும் இதை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்; கெண்டைச்சதைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இந்தக் கால்களுக்கு அடிபட்டால் என்ன நடக்கிறது, அடிபடாமல் காக்க என்ன வழி, விளையாட்டு பிசியோதெரபி என்று சொல்லப்படுவதில் நிரூபணமானது எது, பழக்கத்தின் பேரில் நடக்கிற சடங்கு எது, பெருநகரத்தின் வசதிகள் இல்லாத ஒரு மாவட்டத் தலைநகரில் இதில் எவ்வளவு முடியும் என்பவைதான் இங்கே கேள்விகள்.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். கபடி ஆடுகிற பையனுக்குக் கால் மடங்கிவிட்டது. கிரவுண்டிலேயே யாரோ ஸ்பிரே அடிப்பார்கள். வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் போட்டு உருவிவிடுவார்கள். மறுநாள் மெடிக்கலில் வலி மாத்திரை. மூன்றாம் நாள் சுளுக்கு எடுக்கிறவர். எலும்போ என்று சந்தேகம் வந்தால் ஆந்திர எல்லை தாண்டிப் புத்தூர் கட்டு. அதற்கும் சரியாகாமல் போனபிறகு எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, ஸ்கேன், 'ஜவ்வு கிழிந்திருக்கிறது' என்ற தீர்ப்பு. கடைசியாக, "பத்து நாள் பிசியோ போய்க் கரண்ட் வைத்துக்கொள்ளுங்கள்." பிசியோதெரபிஸ்டின் அறைக்கு அந்தக் கால் வந்து சேர்வதற்குள் பல வாரங்கள் ஓடியிருக்கும். தொடைச்சதை கண்ணுக்குத் தெரிகிற அளவு மெலிந்திருக்கும். பையனுக்கோ அடுத்த மாதம் டோர்னமென்ட்.

இந்த வரிசையில் எல்லாமே தப்பு என்று சொல்லிவிட முடியாது. வர்மமும் தொக்கணமும் சித்த மருத்துவத்தில் முறையாகக் கற்பிக்கப்படுகிற பிரிவுகள். சிலம்ப ஆசான்களிடம் அடி எடுக்கிற அறிவும் தலைமுறையாக இருந்துவருகிறது. கேடு நேர்வது பெரும்பாலும் நேரம் தவறுவதால். புதிதாக அடிபட்ட இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் சூடும் அழுத்தி நீவுவதும் வீக்கத்தை ஏற்றிவிடும். கபடியில் முழங்கால் இடித்துத் தொடையில் ரத்தம் கட்டினால், 'கட்டை உடைக்கிறேன்' என்று தொடக்கத்திலேயே பலமாக உருவுவது இன்னும் மோசம். அந்தச் சதைக்குள் எலும்பே வளர்ந்துவிடக்கூடும். இறுக்கமான கட்டு போட்டபின் விரல் மரத்துப்போவது, நிறம் மாறுவது, வலி ஏறிக்கொண்டே போவது என்றால் அந்தக் கட்டை யார் போட்டிருந்தாலும் உடனே அவிழ்த்தாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்து காலையே இழந்தவர்கள் உண்டு.

சரி, நவீன மருத்துவத்தின் பக்கம் எல்லாம் தெளிவாக இருக்கிறதா? அங்கும் சடங்குகளுக்குக் குறைவில்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கு கட்டளையை எல்லா பி.டி. மாஸ்டரும் மனப்பாடமாகச் சொல்வார். அதை 1978இல் தம் புத்தகத்தின் வழியே பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே எழுதினார். வீக்கம் என்பது உடம்பு தன்னைப் பழுது பார்க்கிற வேலையின் ஒரு பகுதி என்பது இப்போதைய புரிதல். ஐஸ் வலியைக் குறைக்கும், அதற்காக வைத்துக்கொள்ளலாம். முதல் ஓரிரு நாளுக்குப் பிறகு, வலி பொறுக்கிற அளவுக்கு அசைக்கவும் ஊன்றவும் தொடங்குவதுதான் ஆற்றுகிறது. மூன்று வாரம் கட்டிலில் கிடப்பது ஆற்றுவதில்லை.

அந்தக் கரண்ட்? மின்னோட்டக் கருவிகள் வலியைச் சற்று நேரம் மட்டுப்படுத்தும். அல்ட்ராசவுண்ட் கருவியைப் பற்றி, கணுக்கால் சுளுக்கில் அதனால் சொல்லத்தக்க பயன் தெரியவில்லை என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2002இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஊர் ஊராக அந்தக் கருவிதான் பிசியோதெரபியின் முகம். நோயாளியும் அதைத்தான் கேட்கிறார். கால் கட்டைவிரலில் எழும்பி இறங்கச் சொன்னால், "இதை நான் வீட்டிலேயே செய்துகொள்வேனே, இதற்கு எதுக்கு முந்நூறு ரூபாய்?" என்கிறார். அவர் சொல்வது சரிதான், வீட்டிலேயே செய்யலாம். எதை, எத்தனை தடவை, எந்த வலியோடு தொடரலாம், எந்த வலியில் நிறுத்த வேண்டும் என்று சொல்வதற்குத்தான் அந்தக் காசு. கருவிக்குப் பணம் கொடுக்கத் தயங்காத நாம் அறிவுரைக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். பிசியோதெரபிஸ்டும் பிழைக்க வேண்டும், அதனால் கருவியை வாங்கி வைக்கிறார். குற்றம் இரு பக்கமும் இருக்கிறது.

உடற்பயிற்சியே மருந்து என்பதற்கு ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற ஸ்வீடன் எலும்பு மருத்துவருக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கிற பெரிய தசைநாரில் தீராத வலி. அறுவை செய்ய மேலதிகாரி மறுத்துவிட்டார். வலியை முற்றவைத்தாவது அறுவை செய்துகொள்ளலாம் என்று அவர் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே கீழே இறக்கிக் கடுமையாகப் பயிற்சி செய்தார். வலி போய்விட்டது. 1998இல் அவர் வெளியிட்ட முறைப்படி, முழங்காலை நீட்டியும் மடக்கியும் 15 தடவை வீதம் மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180 தடவை. தேவைப்படுவது ஒரு படி. இன்றும் அந்த வலிக்கு உலகெங்கும் முதலில் எழுதித் தரப்படுவது இந்த வகைப் பயிற்சிதான்.

இனி ஓடுகிற பையன்களிடம் போவோம். இந்த ஊருக்கு மிகவும் பொருந்துகிற காயம் அவர்களுடையதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

1855இல் பிரைட்ஹவுப்ட் என்ற மருத்துவர் பிரஷ்ய ராணுவ வீரர்களின் பாதத்தில் ஒரு வலியையும் வீக்கத்தையும் கண்டு எழுதினார். அடிபட்ட தடயம் கிடையாது, விழவில்லை, ஆனாலும் பாதம் வீங்குகிறது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. நீண்ட அணிவகுப்பில் பாதத்தின் சிறு எலும்புகளில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தது. எலும்பு கல் மாதிரி கிடக்கிற பொருள் அல்ல. பாரம் ஏறினால் பழைய பகுதியைக் கரைத்து, புதிதாகக் கட்டிக்கொள்கிறது. கரைப்பது சீக்கிரம் நடக்கும். கட்டுவதற்குப் பல வாரம் பிடிக்கும். இடையில் பாரத்தை மேலும் மேலும் ஏற்றினால் விரிசல். ஓடும்போது ஒவ்வொரு தடவை பாதம் தரையில் படும்போதும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. நேற்றுவரை ஓடாதவன் இன்று தார் ரோட்டில் தினம் எட்டு கிலோமீட்டர் ஓடினால் நெஞ்சும் நுரையீரலும் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். மூச்சு வாங்காததால் அவன் இன்னும் வேகம் கூட்டுவான். எலும்பு அப்போதுதான் தன் மிகப் பலவீனமான கட்டத்தில் இருக்கும்.

இந்த வலி முதலில் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பில் வரும். ஓடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் மறைந்துவிடும், ஓடி முடித்தபின் திரும்ப வரும். இந்தக் கட்டத்தில் விரலால் அந்த விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தால் நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலிக்கும். இது எச்சரிக்கை. அழுத்தும்போது ஒரே ஒரு புள்ளியில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து, அந்தக் காலில் ஒற்றைக்காலாகக் குதித்தால் முகம் சுளித்தால், படுத்திருக்கும்போதும் வலி இருந்தால், அது விரிசலாக இருக்கலாம். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் எதுவும் தெரியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'எக்ஸ்ரே நார்மல்' என்ற சீட்டோடு ஓடப் போய் முழுதாக முறித்துக்கொண்டவர்கள் உண்டு.

தடுப்பதற்கு என்ன செய்யலாம்? ஓடுவதற்கு முன் நின்ற இடத்தில் காலை நீட்டி, குனிந்து விரலைத் தொடுவதைத்தான் எல்லா மைதானத்திலும் பார்க்கிறோம். ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,538 பேரைப் புதிதாகச் சேர்த்தபோது இதையே சோதித்தார்கள். ஒரு பாதிக்கு ஓட்டத்துக்கு முன் நீட்டல் பயிற்சி, மறு பாதிக்குக் கிடையாது. 2000இல் முடிவு வெளிவந்தது. காயத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் சேரும்போதே ஓட்டத்தில் பலவீனமாக இருந்தவர்களுக்குக் காயம் அதிகம் வந்திருந்தது. 2014இல் 25 ஆய்வுகளை, 26,610 பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த டேனிஷ் ஆய்வாளர்களின் கணக்கும் அதே திசையைக் காட்டியது. நீட்டல் பயிற்சி காயத்தைத் தடுக்கவில்லை. சதையை வலுவாக்கும் பயிற்சி காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது.

ஆகவே கிரிவலப் பாதையில் ஓடுகிற தம்பிக்குச் சொல்ல வேண்டியது எளிது. எழுத்துத் தேர்வு முடிவு வந்தபின் தொடங்காதே, விண்ணப்பிக்கும்போதே தொடங்கு. தூரத்தை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாக ஏற்று. வாரத்தில் இரண்டு நாளாவது ஓடாமல் இரு, அந்த நாளில் கெண்டைக்கும் தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய். முடிந்தவரை தார் ரோட்டை விட்டு மண்ணில் ஓடு. நன்றாகத் தூங்கு. ஒரு வேளை சோற்றை விட்டுவிட்டு எடை குறைக்காதே. இதில் எதற்கும் காசு வேண்டாம். பொறுமைதான் வேண்டும், வேலை இல்லாத வீட்டில் அதுதான் கிடைக்காத சரக்கு.

கபடிக்கு வருவோம். பாடிப் போகிறவனின் கணுக்காலைப் பிடிப்பதும், தொடையைக் கட்டிப் பிடிப்பதும், ஊன்றிய கால் அசையாமல் உடம்பு திரும்புவதும் இந்த ஆட்டத்தின் அழகு. முழங்காலும் கணுக்காலும் பழுதாவதும் அதே காரணத்தால்தான். கணுக்கால் மடங்கியதும் எக்ஸ்ரே வேண்டுமா என்று மைதானத்திலேயே முடிவெடுக்க ஒரு வழி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்தது. கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கிற எலும்பின் பின்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், நுனியிலிருந்து மேலே ஆறு சென்டிமீட்டர் வரை. பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்திக்கொண்டிருக்கிற எலும்பையும், உள்பக்கத்தில் வளைவுக்கு மேலே இருக்கிற எலும்பையும் அழுத்துங்கள். பிறகு நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள், நொண்டினாலும் பரவாயில்லை. எலும்பில் வலி இல்லை, நான்கு அடி நடந்துவிட்டான் என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வீக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது இதில் கணக்கே இல்லை. நாமோ வீக்கத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம், வீக்கம் வடிந்ததும் ஆடப் போகிறோம். இரண்டும் தவறு. ஒருமுறை மடங்கிய கணுக்கால் மறுமுறை மடங்குவதற்குப் பெரிய காரணம், தன் நிலையை உணர்கிற திறன் அந்த மூட்டில் மங்கிவிடுவதுதான். அதைத் திருப்பிக் கொண்டுவர ஒற்றைக்காலில் நிற்கப் பழக வேண்டும், முதலில் கண் திறந்து, பிறகு மூடி, பிறகு பந்தைப் பிடித்துக்கொண்டே. பல் தேய்க்கும்போது செய்தால் போதும்.

முழங்கால் விஷயம் கனமானது. மூட்டுக்குள் குறுக்காக ஓடுகிற முன்ஜவ்வு, ஆட்டக்காரர்கள் ஏ.சி.எல். என்று சொல்வது, அறுந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடும். அறுந்தால் ஆபரேஷன்தான் என்று நம்மூரில் நினைக்கிறோம். ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. உடனே அறுவை செய்தவர்களும், முறையான பயிற்சியைத் தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் அறுவைக்குப் போனவர்களும் இரண்டு ஆண்டு கழித்து ஒரே நிலையில் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கத்தியே தேவைப்படவில்லை. கபடி மாதிரி வெட்டித் திரும்புகிற ஆட்டத்துக்குத் திரும்ப நினைக்கிறவர்களுக்கு அறுவை பெரும்பாலும் அவசியப்படும் என்பது உண்மைதான். ஆனால் அறுவை ஒரு நாள் வேலை. அதற்குப் பின் ஒன்பது மாதம் இருக்கிறது. ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுகிற வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகிறது என்று 2016இல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். குடும்பம் அறுவைக்குக் கடன் வாங்குகிறது. பயிற்சிக்கு ஆறு வாரத்துக்கு மேல் பஸ் ஏற முடிவதில்லை. அறுவை நன்றாக நடந்தும் ஆட்டம் முடிந்துபோன எத்தனையோ முழங்கால்களின் கதை இதுதான்.

பெண்களுக்கு இந்தக் காயம் கூடுதல். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று மடங்கு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றதும், அந்த அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவின் பெயர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. இனி கிராமத்துப் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகள் கபடிக்கு வருவார்கள், வர வேண்டும். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் இறங்க அவர்களுக்கு முதல் வாரத்திலேயே யார் கற்றுக்கொடுப்பது?

கற்றுக்கொடுப்பதற்குப் பாடம் தயாராக இருக்கிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் மருத்துவக் குழுவும் ஆஸ்லோ ஆய்வு மையமும் உருவாக்கிய '11+' என்ற வார்ம் அப் முறையில் 15 பயிற்சிகள். எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம், பத்து நிமிடம் வலுவும் சமநிலையும் குதிப்பும், இரண்டு நிமிடம் வேகமான ஓட்டம், மொத்தம் இருபது நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களின் 125 கிளப்புகளில் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, மொத்தக் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் கடுமையான காயம் பாதியளவும் குறைந்தன. ஒழுங்காகச் செய்த அணிகளுக்கே பலன் அதிகம். அதில் வருகிற ஒரு பயிற்சியை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒருவன் மண்ணில் முட்டி போட்டு நிமிர்ந்து நிற்கிறான். பின்னால் இருக்கிறவன் அவன் இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். முட்டி போட்டவன் இடுப்பை மடக்காமல், உடம்பை ஒரே பலகையாக வைத்து, முடிந்தவரை மெதுவாக முன்னே சாய்கிறான். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழுகிறான். பின்தொடைச் சதைக்கு இதைப்போல வேலை வைக்கிற பயிற்சி வேறில்லை. முதல் நாள் ஐந்து தடவை செய்தாலே மறுநாள் உட்கார்ந்து எழ முடியாது. சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் இது பின்தொடைச் சதைக் கிழிவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருக்கிறது. இரண்டு பேரும் கொஞ்சம் மண்ணும் போதும்.

ஆனாலும் ஏன் நடப்பதில்லை? காயம் வராமல் போனதை யாரும் பார்க்க முடியாது என்பதால்தான். கோப்பை வாங்கினால் பி.டி. மாஸ்டருக்குப் பொன்னாடை கிடைக்கும். சீசன் முழுக்க ஒரு பிள்ளைக்கும் முட்டி போகவில்லை என்பதற்கு எந்தத் தலைமை ஆசிரியரும் மாலை போட்டதில்லை.

உச்சத்தில் இருக்கிறவர்களுக்குக் கதை வேறு. வேகப்பந்து வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜியின் முதுகெலும்பில் விழுந்த விரிசல் அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றது. பந்துவீச்சு முறையையே மாற்றிக்கொண்டுதான் இந்திய அணிக்குத் திரும்பினார். சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலியப் பயணத்தில் கிரிக்கெட்டின் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகிச் சில மாதத்திலேயே, 2021 ஏப்ரலில், முழங்கால் அறுவைக்குப் போனார். ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவுக்கு 2019 மே மாதம் முழங்கையில் அறுவை. அந்த ஆண்டின் உலகத் தடகளப் போட்டியை விட்டார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றார். இடையில் அவரால் அவசரப்படாமல் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம், பக்கத்திலேயே பிசியோ, சம்பளம், 'இன்னும் ஆறு மாதம் பொறு' என்று சொல்கிற அமைப்பு எல்லாம் இருந்ததுதான். ஆரணிப் பையனுக்கு அதில் எதுவும் கிடையாது. அவனுக்குக் கிடைப்பது ஒரு ஊசி. மூட்டில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி வலியை மறைக்கும், பழுதைச் சரிசெய்யாது. அதோடு, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022 ஜனவரி முதல் இந்த வகை ஊசிகள் எல்லாவற்றையும் போட்டி நாட்களில் தடை செய்திருக்கிறது. மாநில அணிக்குத் தேர்வாகிற பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வெறுங்கால் பற்றியும் பேசியாக வேண்டும், இந்த ஊரில் அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. வெறுங்காலோடு வளர்ந்த கால் மட்டமானது அல்ல. கர்நாடகத்தில் 2,300 குழந்தைகளைப் பார்த்து ராவ், ஜோசப் என்ற இருவர் 1992இல் எழுதியபடி, செருப்போ ஷூவோ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடுதான். ஆனால் ஆண்டு முழுக்க ஷூவுக்குள் இருந்த பாதம் பௌர்ணமி அன்று மட்டும் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்தால் குதிகாலும் கெண்டையும் தண்டம் கட்டும். ஒரு மாதம் முன்பே மண் தரையில் வெறுங்காலில் நடந்து பழகி, தூரத்தையும் ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு மறுநாள் மாடிப்படி இறங்கச் சுவர் தேவைப்படாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களின் நிலை வேறு. உணர்ச்சி மங்கிய பாதத்துக்குப் பகலில் காய்ந்த தாரின் சூடும் தெரியாது, குத்திய முள்ளும் தெரியாது. இங்கிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி, வேலூர் சி.எம்.சி.யில் 1946இல் வந்து சேர்ந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டு அழிகின்றன என்று காட்டியவர். மென்மையான ரப்பர் அடி வைத்த செருப்புகள் அந்தப் புரிதலிலிருந்து வந்தவை. அதே மருத்துவமனையில், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்த மேரி வர்கீஸ், 1960களில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். அறுவையோடு வேலை முடிவதில்லை, பிறகு அந்தக் கையையும் காலையும் பழக்க வேண்டும் என்பதை இந்த வட்டாரம் அறுபது எழுபது ஆண்டுக்கு முன்பே பார்த்திருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் கிரிவலத்தை விட வேண்டாம்; மருத்துவரைக் கேட்டு, தரை குளிர்ந்த நேரத்தில், தடித்த காலுறையாவது போட்டு நடக்கட்டும், முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கட்டும். அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அரசு என்ன செய்யலாம்? பிசியோதெரபியை உள்ளிட்ட துறைகளுக்கு நாடு தழுவிய பதிவும் தரமும் கொண்டுவரும் சட்டம் 2021இல் வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுகள் வட்டார அளவில் வேலை செய்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் அவர்கள் போவதுதான் முதல் கடமை, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் இருப்பதுபோன்ற விளையாட்டு மருத்துவ மையத்தை மாவட்டத்துக்கு ஒன்று கட்டவும் கேட்கவில்லை. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியை நான்கு நகரங்களில் நடத்திப் பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்த மாநிலம் இது. கேட்பது இவ்வளவுதான்: வாரத்தில் ஒரு மாலை, மாவட்ட விளையாட்டு மைதானத்தில் ஒரு பெஞ்சு, ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு பதிவேடு. யாருக்கு எங்கே வலி, எந்த ஆட்டம், எப்போது திரும்பலாம் என்று எழுதிவைக்க. காவலர் தேர்வு அறிவிப்பு வருகிற மாதங்களில் அந்தப் பெஞ்சை விடிகாலையில் கிரிவலப் பாதை ஓரமாகக் கொண்டுவந்து போட்டால் இன்னும் நல்லது. மாவட்ட விளையாட்டு அலுவலரும் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநரும் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் உட்காருங்கள்.